கேட்கும், கேட்காது

எங்கள் ஊரில் மருந்து வேலை செய்வதில்லை,
கேட்கிறது.
"நேத்துப் போட்ட ஊசி கேக்கலைம்மா" என்பார்கள்.
யாருடைய காது என்று நானும் விசாரித்ததில்லை,
காளிக்கண்ணுவின் சீழ் வரும்வரை.

நாகலூர் எஸ்டேட்டில் கவாத்து வெட்டிய
காப்பிக் கட்டை ஒன்று
மாசியில் அவர் உள்ளங்காலில் ஏறியது.
அடிவாரத்துக் கடையில் ஏழு நாள் மாத்திரை சொன்னார்கள்.
இரண்டாம் நாளே வலி விட்டது,
மிச்சக் காசுக்கு மகளுக்கு ஜாமெட்ரி பாக்ஸ்.
சித்திரையில் மறுபடி. வேறு கடை,
அதே மாத்திரை, இந்த முறை மூன்று.
வைகாசியில்
இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி
எங்கள் மூன்றாம் மாடிக்கு வந்து சேர்ந்தது
பஞ்சு முனையில் ஒரு துளி.

மறுநாள் காலை இன்குபேட்டரைத் திறந்தால்
திராட்சை வாசம்.
தெரிந்தவர்களுக்கு அந்த வாசம் பிடிக்காது.
தட்டு முழுக்கப் பாசிப் பச்சை,
மேலே நான் வைத்த ஆறு மருந்து வில்லைகள்,
சில வில்லைகளைச் சுற்றிக் கிருமி செத்த வெற்று வட்டம்.
வட்டத்தை ஸ்கேலால் அளப்பது என் உத்தியோகம்.
அகலமென்றால் கேட்கும்,
ஒடுங்கினால் கேட்காது.
அந்த மாத்திரைக்கு வட்டம் அகலம்தான்.
உள்ளே மட்டும்
ஊசி குத்தியதுபோல் மூன்று புள்ளிகள்.

"கை பட்டிருக்கும்" என்றார் டாக்டர் தணிகைவேலன்.
இல்லை சார், சாகாதவை.
சிரித்தார்.
"பரிணாமமெல்லாம் ப்ளஸ் டூ.
கொரங்குப் படம் வரைஞ்சு மார்க் வாங்கியாச்சு.
ஆபரேஷன் டேபிள்ல
அதனால பத்து பைசா பிரயோஜனம் உண்டா?"
வட்டத்தை நம்பி மாத்திரையையே தொடர்ந்தார்.

எட்டாம் நாள் இன்னொரு துளி, இன்னொரு தட்டு.
வட்டம் இல்லை.
வில்லையின் விளிம்புவரை பச்சை,
வாசலில் செருப்பைக் கழற்றாமல் ஏறி வந்ததுபோல.

"மருந்து என் ஒடம்புக்குப் பழகிடுச்சா?" என்றார் காளிக்கண்ணு.
உங்கள் உடம்புக்கு இல்லை.
கிருமியும் எதையும் பழகவில்லை,
அதற்குப் பள்ளிக்கூடம் கிடையாது.
கேட்டவை எல்லாம் செத்தன.
கேட்காத மூன்று
காலி இடத்தில் குடித்தனம் பெருக்கின.
இவ்வளவுதான் அந்தப் பாடம்,
குரங்கு இல்லாமல்.

இரண்டு தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது
என் கண்ணில் படவில்லை,
டாக்டர் நிலோஃபர்தான் தட்டினாள் பேனா முனையால்:
ஓரத்தில், யாரும் எழுதாத
பழைய ஊசி மருந்தின் வில்லை.
முதல் தட்டில் அதன் வட்டம் பதினாறு.
இதில் இருபத்திரண்டு.
"ஒரு வாசலை அடைக்க
இன்னொரு சுவத்துலேர்ந்து செங்கல் உருவியிருக்கு."
அவளே சொன்னாள்,
எல்லா நேரமும் இப்படி உருவாது,
எழுதி நம்பி இருந்துவிடக் கூடாது என்றும்.

ஸ்டோரில் தேடி
அலமாரி அடித்தட்டில் கிடைத்தது மருந்து.
தேதி முடிய ஐந்து வாரம்.
சிறுநீரகத்துக்கு ஆகாது என்று
தினமும் ரத்தம் எடுத்தோம்.
நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது.
இரண்டு விரல்கள் அதற்குள் போயிருந்தன.
அவற்றை எந்தத் தியரியும் ஒட்டவைக்காது.

"லக்" என்று எழுதாமல் எழுதிக் கையெழுத்திட்டார்
டாக்டர் தணிகைவேலன்.
ஆனால் அடுத்த சீட்டில்
"பழைய தட்டோடு ஒப்பிடவும்" என்றொரு வரி இருந்தது.
நான் ஒன்றும் கேட்கவில்லை.

"கேட்டுடுச்சும்மா" என்றார் காளிக்கண்ணு,
ஷூ எப்போது போடலாம் என்பதுதான் அவர் கவலை.

தட்டுகளை அவித்துக் கொன்றுவிட்டு
ஷிப்ட் முடித்து பஸ் ஏறினேன்.
மலையில் மழை போலிருக்கிறது,
திருமணிமுத்தாறு கருப்பாய் நுரைத்து ஓடியது,
வார்டுகளின் தண்ணீர், கோழிப்பண்ணைத் தண்ணீர்,
யாரோ பாதியில் நிறுத்திய மாத்திரைகள்.
பாலத்தில் டிராபிக்.
அத்தனை நேரமும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
கையில் ஸ்கேல் இல்லாமல்.